சாவியைத் திருப்பியதும் எரிந்து அணையும் அந்த லைட்



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். ஏ.எல். ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகளுக்கு இது பாடம். பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்பும் உம்மா வாப்பாமாருக்கு இது வீட்டு விசயம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பது போகப் போகத் தெரியும்.

வேனோ காரோ, சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாகப் பல லைட்டுகள் ஒரேயடியாக எரியும். என்ஜினை ஸ்டார்ட் பண்ணாவிட்டாலும், அவற்றில் சில சில விநாடிகளில் தாமாகவே அணைந்துவிடும். "பல்ப் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அது" என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி என்னவென்றால், அந்தச் சில விநாடிகளில் எயார்பேக்குக்குப் பொறுப்பான சின்னக் கொம்பியூட்டரும், ஏ.பி.எஸ். பிரேக்குக்குப் பொறுப்பான சின்னக் கொம்பியூட்டரும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றன. பாஸானால்தான் லைட் அணையும்.

அப்படியென்றால் வினாத்தாளைத் தயாரித்தது யார்? திருத்தியது யார்? சரியான விடை எங்கே இருந்தது? தானே எழுதித் தானே திருத்தும் பரீட்சையை எப்படி நம்புவது? ஒரு டீச்சராக எனக்கு இந்தக் கேள்விகள்தான் சுவையாக இருந்தன.

முதலில் ஒரு சொல் விளக்கம். "சிப்" என்றே எழுதப் போகிறேன். "சில்லு" என்று எழுதலாம்தான், ஆனால் நம் ஊரில் சில்லு என்றால் சைக்கிள் சில்லுதான் கண்ணுக்குள் வரும்.

சிப்பில் பழுது என்றால் என்ன?

சிப் ஒன்றுக்குள் இருப்பது கோடிக்கணக்கான தர்க்கப் படலைகளும் அவற்றை இணைக்கும் நுண்ணிய கம்பிகளும். தயாரிக்கும்போது ஒரு தூசி விழுந்தால் போதும், ஒரு கம்பி அறுந்துவிடும், அல்லது பக்கத்துக் கம்பியோடு ஒட்டிவிடும். வருடக்கணக்கான சூட்டிலும் குலுக்கத்திலும் பிறகும் கெட்டுப்போகலாம். இப்படிப் பழுதான கம்பி பெரும்பாலும் ஒரே நிலையில் நின்றுவிட்டது போலவே நடந்துகொள்ளும். எதைக் கொடுத்தாலும் 0, அல்லது எதைக் கொடுத்தாலும் 1. சோதனைத் துறையில் பல தசாப்தங்களாகப் பழுதை இப்படித்தான் உருவகித்து வருகிறார்கள்.

இப்போது இரண்டு உள்ளீடு உள்ள ஒரு அன்ட் படலையை எடுங்கள். இரண்டும் 1 என்றால் மட்டும் வெளியீடு 1. முதலாவது உள்ளீட்டுக் கம்பி 1இல் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று வைப்போம். எந்த வினாவைக் கேட்டால் இது பிடிபடும்?

0,0 கொடுத்தால் நல்ல படலையும் 0 தரும், பழுதானதும் 0 தரும். 1,0 கொடுத்தாலும் இரண்டும் 0. 1,1 கொடுத்தால் இரண்டும் 1. நான்கு வினாக்களில் 0,1 என்ற ஒன்று மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அதற்கு நல்லது 0 சொல்லும், பழுதானது 1 சொல்லும்.

இதை ஏ.எல். பிள்ளைகளிடம் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். நான்கில் மூன்று வினாவுக்குச் சரியான விடை சொல்லிக்கொண்டே ஒரு படலை பழுதாக இருக்க முடியும். "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்ற பேச்சின் பெறுமதி அவ்வளவுதான். ஓடுகிறது என்பது, அந்தப் பழுதைக் காட்டும் வினாவை ரோடு இன்னும் கேட்கவில்லை என்பதற்குத்தான் சான்று.

எல்லா வினாவையும் கேட்டுவிட்டால் என்ன?

நல்ல யோசனை. ஆனால் நேரம் போதாது. 32 பிற்று எண்கள் இரண்டைக் கூட்டும் ஒரு சாதாரண கூட்டிச் சுற்றை எடுங்கள். உள்ளீடு மொத்தம் 64 பிற்று. அதற்கு வரக்கூடிய வினாக்கள் 1 இலட்சத்து 84 ஆயிரம் கோடி கோடிக்கு மேல். விநாடிக்கு 100 கோடி வினா கேட்டாலும் முடிக்க ஏறத்தாழ 585 வருடம் வேண்டும். கோட்டை இராச்சியத்தில் ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட காலத்தில் தொடங்கியிருந்தால் இப்போதுதான் கடைசி வினாவுக்கு வந்திருப்போம். இது ஒரு கூட்டிக்கு மட்டும். சிப்புக்குள் அதுபோல எத்தனையோ.

ஆகவே வினாக்களைத் தெரிவுசெய்ய வேண்டும். ஆரம்பத்தில் இதைச் செய்தது தொழிற்சாலையில் நிற்கும் பென்னம் பெரிய சோதனை இயந்திரங்கள். வினாக்களும் விடைகளும் அவற்றின் நினைவகத்தில் இருந்தன. இதில் இரண்டு சிக்கல். சிப்புக்குள் இருக்கும் கம்பிகளோடு ஒப்பிட்டால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்கள் மிகச் சில. ஊர் முழுவதற்கும் இரண்டே இரண்டு வாசல் வைத்தது போல. அடுத்தது, சிப் தொழிற்சாலையை விட்டு வெளியேறியபின் அதைச் சோதிக்க யாரும் இல்லை. பத்து வருடம் கழித்து ஒரு வேனின் டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடக்கும் சிப்பைத் தேடி அந்த இயந்திரம் வரப்போவதில்லை.

அதனால்தான் பொறியியலாளர்கள் வேறு பக்கம் யோசித்தார்கள். பரீட்சை மண்டபத்தையே சிப்புக்குள் கட்டிவிட்டால் என்ன? வினா தயாரிப்பவரையும் திருத்துபவரையும் உள்ளேயே குடியமர்த்திவிட்டால்?

வினா தயாரிக்கும் நான்கு பிள்ளைகள்

இலட்சக்கணக்கான வினாக்களை எழுதி வைக்கச் சிப்புக்குள் இடம் கிடையாது. மிகச் சிறிய ஒரு சுற்று, தானாக, ஒழுங்கு தெரியாத மாதிரி வினாக்களைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில் கொட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் விடையை முன்கூட்டிக் கணக்கிட முடியாது.

இதற்கென்றே ஒரு சுற்று இருக்கிறது. பின்னூட்டமுள்ள நகர்வுப் பதிவகம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வகுப்பில் நான்கு பிள்ளைகளை வைத்து இதை நடத்திக் காட்டலாம்.

நான்கு பேரை வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொருவர் கையிலும் 0 அல்லது 1 எழுதிய மட்டை. நான் கை தட்டியதும் ஒவ்வொருவரும் தன் மட்டையை வலப்பக்கத்தவருக்குக் கொடுக்க வேண்டும். கடைசியில் நிற்பவரின் மட்டை வெளியே போய்விடும். முதலாமவருக்குப் புது மட்டை வேண்டுமே? அதற்கு ஐந்தாவதாக ஒரு பிள்ளை. அவர்தான் எக்ஸ்ஓர் படலை. கை தட்டுமுன் மூன்றாமவர், நான்காமவர் கையில் இருப்பதை அவர் பார்த்துக்கொள்வார். இரண்டும் ஒன்றானால் 0 கொடுப்பார், வேறானால் 1 கொடுப்பார்.

1000 என்று தொடங்குங்கள். அடுத்தது 0100. பிறகு 0010, 1001, 1100, 0110, 1011, 0101, 1010, 1101, 1110, 1111, 0111, 0011, 0001. அடுத்த கை தட்டலில் மீண்டும் 1000.

எண்ணிப் பாருங்கள், 15 நிலை. நான்கு பிற்றில் வரக்கூடியது மொத்தம் 16. 0000 தவிர்ந்த அத்தனையும் ஒரு தடவை வந்துபோய்விட்டன. எங்கள் வகுப்பில் இதைச் செய்தபோது பின் வாங்கிலிருந்த பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், எல்லாருக்கும் சைபர் குடுத்துத் தொடங்கினா?" செய்து பார்த்தோம். எக்ஸ்ஓர் பிள்ளை 0 கொடுக்க, எல்லோரும் 0ஐயே கைமாற்றிக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு தட்டினாலும் அசையவில்லை. ஆகவே தொடக்க நிலை வெறும் சைபராக இருக்கவே கூடாது என்பது விதி.

எக்ஸ்ஓர் பிள்ளையை இரண்டாமவரையும் நான்காமவரையும் பார்க்கச் சொன்னால்? 1000இல் தொடங்கி 6 நிலையிலேயே திரும்பி வந்துவிட்டது. மிச்ச வினாக்கள் வரவே இல்லை. பிள்ளைகள் ஐந்து பேரும் அவர்களேதான், யார் யாரைப் பார்ப்பது என்பது மட்டும்தான் மாறியது. எந்த இணைப்பு நீண்ட வரிசை தரும் என்பதற்குப் பின்னால் ஆழமான கணிதம் இருக்கிறது. சொலமன் கொலொம்ப் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1967இல் இந்த வரிசைகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நான்கு பிள்ளைக்குப் பதிலாக 32 பிள்ளைகளை நிறுத்தினால் வரிசை 429 கோடி நிலைக்கு மேல் நீளும். சுற்று என்னவோ 32 ஃப்ளிப்ஃப்ளொப்பும் இரண்டு மூன்று எக்ஸ்ஓர் படலையும்தான்.

திருத்துபவர் எப்படித் திருத்துகிறார்?

இலட்சம் வினா கேட்டால் இலட்சம் விடை வரும். அத்தனை சரியான விடையையும் பக்கத்தில் எழுதி வைத்து ஒப்பிடவும் இடம் இல்லை. விடைகள் எல்லாவற்றையும் பிழிந்து ஒரே ஒரு எண்ணாக்க வேண்டும்.

வெறுமனே கூட்டினால் சரிவராது. கடை நடத்துபவர்களுக்கு இது தெரியும். ஒரு இடத்தில் 100 ரூபா கூடவும் இன்னொரு இடத்தில் 100 ரூபா குறையவும் எழுதியிருந்தால் பின்னேரம் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தும். பிழை இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

அதனால் இங்கேயும் அதே நகர்வுப் பதிவகத்தைத்தான் பாவிக்கிறார்கள். வரும் ஒவ்வொரு விடையையும் எக்ஸ்ஓர் மூலம் உள்ளே கலந்து சுழல விடுவார்கள். ஆரம்பத்தில் ஒரு விடை பிழைத்தால், அதன் பின் வரும் ஒவ்வொரு நிலையும் மாறிக்கொண்டே போகும். கடைசியில் பதிவகத்தில் எஞ்சியிருக்கும் எண்ணுக்குக் கையொப்பம் என்று பெயர். நல்ல சிப்பின் கையொப்பம் என்னவாக இருக்கும் என்பதை வடிவமைக்கும்போதே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். இரண்டும் பொருந்தினால் பாஸ்.

பிழையான விடைகள் வந்தும் கையொப்பம் தற்செயலாகப் பொருந்திவிடாதா? ஒரே ஒரு பிழை என்றால் ஒருபோதும் தப்பாது, அது கணிதப்படி உறுதி. பல பிழைகள் கலந்து வரும்போது ஒரு சிறு வாய்ப்பு உண்டு. 16 பிற்றுக் கையொப்பத்தில் அது ஏறத்தாழ 65,536இல் 1. 32 பிற்றில் 429 கோடியில் 1.

இந்தக் கையொப்ப முறை சிப்புக்குள் போகுமுன் ரிப்பேர் மேசையில்தான் பிரபலமானது. 1977இல் ஹியூலட் பக்கார்ட் நிறுவனம் 5004ஏ என்ற ஒரு கருவியை வெளியிட்டது. ரிப்பேர் செய்பவர் சுற்றின் ஒரு புள்ளியில் அதன் முனையைத் தொட்டால் நான்கு எழுத்துக் கையொப்பம் ஒன்று திரையில் வரும். இயந்திரத்தோடு வரும் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சரியான கையொப்பம் அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாத புள்ளியிலிருந்து பின்னோக்கிப் போனால் பழுதான பாகத்தில் போய் முட்டலாம். 0 முதல் 9 வரையான இலக்கங்களோடு ஏ, சி, எஃப், எச், பி, யு என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை மட்டும் பாவித்தார்கள். ஏழு கோட்டுத் திரையில் ஒன்றை மற்றொன்றாக வாசித்துவிடாத எழுத்துகள் அவை. ஒரு ரிப்பேர்காரர் மங்கலான வெளிச்சத்தில் பிழையாக வாசித்துவிடக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். நல்ல வினாத்தாள் தயாரிப்பவருக்கும் இந்தக் குணம் வேண்டும்.

எல்லாம் உள்ளே போனது

1979இல் ஜேர்மனியின் ஆகன் நகரைச் சேர்ந்த கொனமன், முகா, ட்ஸ்வீஹொஃப் என்ற மூவர், சாதாரண நேரத்தில் சாதாரணப் பதிவகமாகவும், சோதனை நேரத்தில் வினா தயாரிப்பவராகவும் திருத்துபவராகவும் மாறக்கூடிய ஒரு பதிவகத்தை முன்வைத்தார்கள். அதற்குப் பில்போ என்று பெயர். மூன்று வருடத்தில், 1982இல், ஐ.பி.எம்.மைச் சேர்ந்த பார்டெல், மக்கானி இருவரும், சிப்புக்குள் இருக்கும் ஃப்ளிப்ஃப்ளொப்புகளைச் சோதனை நேரத்தில் மட்டும் நீண்ட சங்கிலிகளாகக் கோத்து, ஒரு முனையில் வினாவை ஊட்டி மறுமுனையில் விடையைப் பிழியும் அமைப்பை விபரித்தார்கள். இன்றைய சிப்களிலும் அடிப்படை அதுதான்.

நம்மில் சிலர் பாவித்த பழைய கொம்பியூட்டர்களிலும் இது இருந்தது. 1985இல் வந்த இன்டெல் 80386 சிப்பில் 275,000 டிரான்சிஸ்டர்கள். அதை ரீசெற் பண்ணும்போது குறிப்பிட்ட ஒரு பின்னுக்குச் சைகை கொடுத்தால் தன்னைத் தானே சோதிக்கத் தொடங்கும். முழுவதையும் அல்ல, ஒரு பெரும் பகுதியை. 524,288 கடிகாரத் துடிப்பு. 16 மெகாஹேட்ஸ் வேகத்தில் விநாடியின் 30இல் ஒரு பங்கு நேரம். முடிந்ததும் ஒரு பதிவகத்தில் 0 இருந்தால் சுகம். வேறு எது இருந்தாலும் பழுது.

ஒன்றைக் கவனியுங்கள். சோதனை நடக்கும்போது சிப்பால் தன் வழமையான வேலையைச் செய்ய முடியாது. பதிவகங்களில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் முழுச் சோதனையை ஓடும்போது வைக்காமல் சாவி திருப்பும் நேரத்தில் வைக்கிறார்கள். வேலையை நிறுத்தாமல் தன்னை முழுமையாகப் பரிசோதிக்க இயந்திரத்துக்கும் முடிவதில்லை.

இந்தப் பரீட்சையின் குறைகள்

எதையும் ஒரு பக்கமாகச் சொல்லக் கூடாது. மூன்று குறை இருக்கிறது.

முதலாவது, எழுந்தமான வினாக்கள் எட்டாத மூலைகள். 20 உள்ளீடு உள்ள அன்ட் படலை ஒன்று 1 சொல்ல வேண்டுமானால் இருபதும் ஒரே நேரத்தில் 1 ஆக வேண்டும். எழுந்தமானமாக அது நடப்பது 10 இலட்சத்துச் சொச்சத்தில் ஒரு தடவை. அந்தப் படலையில் பழுது இருந்தால் ஆயிரக்கணக்கான வினா கேட்டும் தெரியாமல் போகும். இதற்காக அந்த இடங்களில் விசேட சோதனைப் புள்ளிகளை வைப்பார்கள், அல்லது 1 கூடுதலாக வரும்படி வினாக்களைச் சாய்ப்பார்கள். கடந்தகால வினாத்தாள்களை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். எத்தனை வினா செய்தாய் என்பதைவிட, எந்த மூலையை இன்னும் தொடவில்லை என்பது முக்கியம்.

இரண்டாவது, நிச்சயமில்லாத விடை. மின் வந்ததும் என்ன பெறுமதி இருக்கும் என்று சொல்ல முடியாத ஒரு நினைவகப் பகுதியிலிருந்து ஒரே ஒரு பிற்று கலந்துவிட்டாலும், நல்ல சிப்பின் கையொப்பமே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக வரும். அப்புறம் பரீட்சைக்கு அர்த்தம் இல்லை. அதனால் அப்படியான வாய்களைச் சோதனை நேரத்தில் அடைத்துவிடுவார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. கையொப்பம் பொருந்துகிறது என்றால், சிப் வடிவமைப்பின்படி இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். வடிவமைப்பே பிழையானால்? 1994இல் தோமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், இன்டெல் பென்டியம் சிப் சில வகுத்தல்களைப் பிழையாகச் செய்வதை வெளிக்கொண்டு வந்தார். பிறகு பிரபலமான ஒரு உதாரணம்: 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். பென்டியம் 1.33374 என்றது. வகுத்தலுக்கு உதவும் உள் அட்டவணையில் சில பெறுமதிகள் விடுபட்டுப்போயிருந்தன. எந்தச் சிப்பிலும் கம்பி அறுந்திருக்கவில்லை. ஒவ்வொரு சிப்பும் பிழையான வரைபடத்தை அச்சொட்டாகப் பின்பற்றியிருந்தது. சுய சோதனையால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, ஏனென்றால் ஒப்பிடும் அளவுகோலும் அதே வரைபடத்திலிருந்துதான் வருகிறது. வெளியே இருந்து ஒரு மனிதர் வேறு முறையில் கணக்குப் பார்த்ததால்தான் பிடிபட்டது. இன்டெல்லுக்கு அந்த விவகாரத்தில் 475 மில்லியன் டொலர் செலவு.

எயார்பேக் ஏன் தன்னைச் சோதிக்க வேண்டும்?

ஃபேன் பழுதானால் உடனே தெரியும், வியர்க்கும். ஃப்ரிட்ஜ் பழுதானால் மீன் மணக்கும். எயார்பேக் பழுதானால் எப்படித் தெரியும்? பத்து வருடமாக ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதுதான் அதன் வேலை. பழுதான எயார்பேக்கும் அதே மாதிரித்தான் சும்மா இருக்கும். வித்தியாசம் தெரியவரும் நாள் ஒன்றே ஒன்றுதான். அன்று தெரிந்து பிரயோசனம் இல்லை.

வாகனப் பொறியியலில் இதை மறைந்திருக்கும் பழுது என்பார்கள். வாகன மின்னணுவியலின் பாதுகாப்புக்காக 2011இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 26262 என்ற சர்வதேசத் தரம் இதைத் தனியாகவே கவனிக்கச் சொல்கிறது. அதற்கேற்ப, இப்போது பிரேக்குக்கும் எயார்பேக்குக்கும் வரும் பல சிப்கள், மேலே சொன்ன அதே வினா–கையொப்ப முறையில் சாவி திருப்பும் நேரத்தில் தம்மைச் சோதிக்கின்றன. பழைய வாகனங்களில் உள்ளவை அவ்வளவு ஆழமாகச் செய்யாவிட்டாலும், நினைவகத்தையும் சென்சர்களையும் அவற்றின் கம்பிகளையும் பரிசோதித்தே லைட்டை அணைக்கும். ஓடும்போதும் சிறு சிறு பரிசோதனைகள் நடந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு பேரின் இவ்வளவு வருட உழைப்பின் பலன், கடைசியில் ஒரு சின்ன லைட்டாகத்தான் நம் கண்முன் வருகிறது. எரிந்தால் ஒரு செய்தி, அணைந்தால் ஒரு செய்தி.

அந்த லைட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தால்?

கடந்த மாரி காலத்தில் கேற் டியூட்டியில் நின்றபோது ஒரு ஸ்கூல் வேனில் இதைக் கண்டேன். டேஷ்போர்டில் ஒரு மூலையில் சின்னதாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப். ஓட்டுபவர் என் மாணவி ஒருவரின் வாப்பா. நல்ல மனிசன். நேரத்துக்கு வருவார், பிள்ளைகளைப் பத்திரமாக இறக்கிவிடுவார்.

"என்ன நானா இது?" என்றேன்.

"அது ஏ.பி.எஸ். லைட்டு சேர். சும்மா எரிஞ்சிக்கிட்டே இரிக்கி. வண்டிக்கி ஒண்டும் இல்ல, பிரேக் நல்லாப் புடிக்கிது. ராவைக்குக் கண்ணுல குத்துது எண்டு டேப்ப ஒட்டின."

அவரைக் குறை சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை. 2022க்குப் பிறகு வாகன உதிரிப்பாகங்களின் விலை எல்லோருக்கும் தெரியும். லைட் எரிகிறது என்று சொன்னால் முழு யூனிட்டையும் மாற்றச் சொல்வார்கள் என்ற பயம் அவருக்கு. பிரேக் பிடிக்கிறது என்பதும் பொய்யில்லை. ஏ.பி.எஸ். வேலை செய்யாவிட்டாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். ஈர ரோட்டில் திடீரென மிதித்தால் சில்லு இறுகி வண்டி வழுக்கும்போதுதான் ஏ.பி.எஸ். தேவைப்படும். நான்கு வினாக்களில் மூன்றுக்குச் சரியான விடை சொல்லும் அந்த அன்ட் படலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: "நானா, அந்த லைட் எரியிறதெண்டா உள்ளுக்குள்ள இருக்கிறவர் பழுதைக் கண்டுபிடிச்சு எழுதியும் வச்சிட்டார். எங்க பழுதெண்டு வாசிச்சுப் பார்க்கிறதுதான் மிச்சம்."

தெரிந்த கராஜ் ஒன்றுக்குப் போனோம். பாஸ் ஸ்கேனரைச் செருகினார். சில நிமிடத்தில் விடை வந்தது: பின் இடது சில்லின் வேக சென்சர். வண்டியைத் தூக்கிப் பார்த்தால் சென்சருக்குப் போகும் கம்பி உரஞ்சி அறுந்திருந்தது. யூனிட் சுகம். கம்பியை மாற்றி மீண்டும் சாவியைத் திருப்பினார். லைட் எரிந்தது, அணைந்தது. நானாவின் முகத்தில் இரண்டு சந்தோசம். ஒன்று பிரேக்குக்கு, மற்றது பொக்கற்றுக்கு.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. "எயார்பேக் லைட் எங்க?" என்று பாஸ் கேட்டார். சாவியைத் திருப்பும்போது அது எரியவே இல்லை. கழற்றிப் பார்த்தால் அந்த லைட்டுக்குப் போகும் இணைப்பை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். நானா வாங்குவதற்கு முன்பே நடந்த வேலை. இணைத்ததும் லைட் எரிந்தது, அணையவே இல்லை. யூனிட்டே பழுது. மாற்றும் செலவு இப்போதைக்கு அவரால் முடியாது. ஆனால் இப்போது அவருக்குத் தெரியும். டேப் ஒட்டாமல் லைட்டை எரியவே விட்டிருக்கிறார். முன் சீட்டில் பிள்ளைகள் யாரையும் ஏற்றுவதும் இல்லை. காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த இணைப்பை வெட்டியவரை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. பழுதைத் திருத்த வசதியில்லாமல் போவது வேறு. பழுது இருக்கிறது என்று சொல்லும் வாயை வெட்டிவிட்டு, விசயம் தெரியாத இன்னொருவர் தலையில் வண்டியைக் கட்டுவது வேறு. முன்னையது கஷ்டம். பின்னையது மோசடி, அதுவும் பிள்ளைகளின் உயிரோடு.

பெற்றோருக்கும், பழைய வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கும்:

1. சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் பண்ணுமுன், எயார்பேக் லைட்டும் ஏ.பி.எஸ். லைட்டும் எரிய வேண்டும். சில விநாடிகளில் தாமாக அணைய வேண்டும்.

2. அணையாவிட்டால் பழுது பதிவாகியிருக்கிறது. பயப்படாமல் ஸ்கேன் பண்ணுங்கள். சில நேரம் ஒரு கம்பியோடு முடிந்துவிடும்.

3. எரியவே இல்லையென்றால் அதுதான் கூடச் சந்தேகம். பல்ப் போயிருக்கலாம், கழற்றியிருக்கலாம், வெட்டியிருக்கலாம். லைட் எதுவுமே எரியாத டேஷ்போர்டைப் பார்த்து "சுத்தமான வண்டி" என்று சந்தோசப்படாதீர்கள்.

4. எயார்பேக் லைட் தன்பாட்டில் அணையாமல், என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது ஒயில் லைட்டோடு அதே கணத்தில் அணைந்தால், அந்த இரண்டையும் ஒன்றாகக் கோத்துவிட்டிருக்கலாம். தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

5. வேன் ஓட்டுபவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மரியாதையாகக் கேளுங்கள். பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு கம்பியின் செலவு பெரிய காரியமில்லை.

தானே எழுதித் தானே திருத்தும் பரீட்சையை எப்படி நம்புவது என்று மேலே கேட்டிருந்தேன். என் விடை இதுதான். வினா யார் பக்கமும் சாயாமல் வர வேண்டும். விடை முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும், பிறகு வசதிக்கேற்ப மாற்றக் கூடாது. முடிவு வெளியே தெரிய வேண்டும். முதல் இரண்டையும் பொறியியலாளர்கள் செய்துவிட்டார்கள். மூன்றாவது நம் கையில்.

ஏ.எல். பிள்ளைகளுக்கு வீட்டு வேலை: எக்ஸ்ஓர் பிள்ளை இரண்டாமவரையும் நான்காமவரையும் பார்க்கும் அந்தப் பிழையான இணைப்பை எடுங்கள். 0110இல் தொடங்கினால் எத்தனை தட்டலில் மீண்டும் 0110 வரும்? மட்டையை வெட்டிச் செய்து பார்த்துவிட்டுக் கொமெண்டில் எழுதுங்கள். விடையை ஏற்கனவே கணக்கிட்டு வைத்துவிட்டேன்.